சனிக்கிழமைக்குள் இந்தக் கணினி

ஜூலை 8, செவ்வாய்
கடும் வெயில். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. நான்காம் படிவ மாணவர்களின் விடைத்தாள் திருத்த இன்னும் பாதி.

விளையாட்டின் நடுவில் கணினி மறுபடி அணைந்தது. இந்த வாரம் மூன்றாம் முறை. "அம்மா, வலது பக்கம் ஓடு, வலது..." அவ்வளவுதான். கறுப்புத் திரை.

மகள் திவ்யா வீட்டை விட்டுப் போய் எட்டு மாதம். ஜொகூரில் வேலை. கல்லூரி இடத்தை வேண்டாம் என்றாள் என்பதற்காக, சுங்கைப்பட்டாணி கல்யாண மண்டபத்தில், எல்லார் முன்னாலும், நான் சொன்ன வார்த்தை. எழுதக்கூட முடியவில்லை. அதன் பிறகு என் போனை எடுப்பதில்லை. அவள் தானே பாகம் பாகமாகப் பூட்டிய கணினி இங்கேயே நின்றுவிட்டது. அதில் இந்த விளையாட்டைப் பழகி, ஒரு நாள் அவள் அணிக்குள் நுழைந்தேன். விரட்டவில்லை. அங்கே மட்டும் பேசுவாள். எங்கே ஒளிவது, யாரைச் சுடுவது. வேறு எதுவும் இல்லை.

யாரோடு விளையாடுகிறேன் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவள் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

ஜூலை 9, புதன்
அறிவிப்பு வந்திருக்கிறது. சனிக்கிழமை முதல் விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு. என் கிராஃபிக்ஸ் கார்டில் ஓடாது.

வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே: "நாப்பத்தஞ்சு வயசுல என்னா கேம் வேண்டிக் கெடக்கு? பழைய சாமான்காரன் வந்தா தூக்கிக் குடுத்துரலாம்."

வாங்க: உப்பு, சிவப்புப் பேனா, பால்.

ஜூலை 10, வியாழன்
பள்ளி விட்டதும் கணினியைத் தூக்கிக்கொண்டு பீடோங் கடை. கடைக்காரர் மூடியைக் கழற்றி, விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார்.

"அக்கா, இத கோயில்லயா வெச்சிருந்தீங்க?"

சாமிப் படங்களுக்கு நேர் கீழேதான் மேசை. வெள்ளி தவறாமல் சாம்பிராணி. அத்தனை புகையையும் கணினியின் விசிறி உள்ளே இழுத்திருக்கிறது. தார் மாதிரிப் பிசுக்கு. சூடேறி அணைந்ததற்கு நான்தான் காரணம். துடைத்துக் கொடுத்தார்.

"புதுப் பதிப்புக்கு என்ன வழி, அண்ணே?"

"கார்டு மாத்தலாம். ஆனா எனக்கு வேல குமிஞ்சு கெடக்கு, திங்கக்கெழமதான் கை வெப்பேன். இல்லனா ரெடியா நிக்கிற புதுசு ஒண்ண இப்பவே தூக்கிட்டுப் போங்க. தலவலி இல்ல."

புதியதன் கண்ணாடிப் பக்கம், உள்ளே நீல விளக்கு. அழகுதான். ஆனால் இந்தப் பெட்டியின் ஒவ்வொரு திருகும் அவள் முடுக்கியது. தூக்கிப் போட்டேன் என்று தெரிந்தால்? அவளையும் அப்படித்தானே போட்டேன்.

கார்டு மட்டும் வாங்கினேன். நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். வாய் இருக்கிறது, கை?

ஜூலை 11, வெள்ளி
இங்கே வெள்ளி வார லீவு. மேசையைச் சன்னல் பக்கம் நகர்த்தினேன். சாம்பிராணி வாசலோடு சரி.

கார்டு உள்ளே போகவில்லை. நீளம். எதிரே ஒரு தகரத் தட்டு இடிக்கிறது. திரும்பக் கொடுத்துவிட்டுப் புதியதையே எடுத்திருக்கலாமோ?

அவளுக்கு மூன்று முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. படம் எடுத்து அனுப்பினேன். "நீ பூட்டியது. உடைக்கப் பயமாக இருக்கிறது." இரண்டு நீல டிக். படித்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஜூலை 12, சனி
காலை பத்தரை. போன் அடித்தது. அவள்தான். அவளாக.

"அம்மா, ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு கையும் வேணும்."

போட்டேன். வீட்டுக்காரர் கூடத்தில் இருப்பது தெரிந்தும் போட்டேன்.

"அந்தத் தட்டுக்குக் கீழ ஒரு கொக்கி இருக்கும்."

"இருட்டா இருக்கு. தெரியல."

பின்னாலிருந்து டார்ச் வெளிச்சம் விழுந்தது. நான் திரும்பவில்லை.

"இப்ப தெரியுது."

"யாரு லைட் காட்டறது?"

நான் கொக்கியைத் தடவினேன்.

"அப்பாவா?"

வெளிச்சம் ஆடியது. விலகவில்லை. பிறகு, "ஒரு ஆள் தட்ட மேல தூக்கிப் பிடிக்கணும். அப்பதான் இன்னொரு ஆள் கார்ட தள்ள முடியும்," என்றாள்.

அவர் டார்ச்சைத் தரையில் வைத்தார். மண்டியிட்டு, உள்ளே கை விட்டு, "எவ்ளோ தூக்கணும், கேளு," என்றார் என்னிடம்.

"நீங்களே கேளுங்க," என்றேன்.