வாடும் முத்துக்கொடி

மகளுக்கு,

ஜன்னலோரச் செய்தித்தாளில் கிடப்பவை குப்பையல்ல. நடுவதற்காக நான் நறுக்கிய முத்துக்கொடித் துண்டுகள்; முத்துப்போன்ற தடித்த இலைகளில் நீரைச் சேர்த்துவைக்கும் கொடி அது. வாடுகின்றனவே என்று இரக்கப்பட்டு நேற்று நீ தண்ணீர் தெளித்திருக்கிறாய்! வெட்டிய முனை காயுமுன் நனைத்தால் கொடி அழுகிவிடும். இன்றாவது அவற்றைத் தொடாதே.

கண் மருத்துவரிடம் செல்கிறேன். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது, ஆறுமுன் உண்.

"வேலைய ஏன் விட்டேன்னு தினமும் நோண்டாதீங்கப்பா. செடிகிட்ட இருக்கற பொறுமை எங்கிட்ட இல்லையே உங்களுக்கு!" என்று கூறி, நேற்று என் முகத்தெதிரே கதவை அறைந்து சாத்தினாய். அது முறையன்று.

பின்குறிப்பு: சிறு தொட்டியில் மணல் கலந்து வைத்துள்ளேன். துண்டுகள் காய்ந்ததும் இருவரும் நடுவோம். அதுவரை உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

அதன் பின்னரும், நீயாகச் சொன்னால் மட்டுமே கேட்டுக்கொள்வேன்.

அப்பா