ரோமில் எங்களுக்குக் கீழ்த்தளம்

மே 11, 2004. செவ்வாய். காலை.

தூறல். குடை பெரிய பெட்டிக்குள்ளே, பெட்டியைத் திறக்க நேரமில்லை. இவர் தொப்பி போட்டுக்கொண்டார். எனக்கு முந்தானைதான்.

நேற்று ராத்திரி வந்து சேர்ந்த ஹோட்டல் ரோமில் இல்லை. ரோமுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரம். பெங்களூர் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து ஹொஸகோட்டேயில் இறக்கிவிட்ட மாதிரி. விளம்பரத்தில் மட்டும் 'ரோம் நகரில் மூன்று இரவுகள்'. சரி, பொறுத்துக்கொண்டேன். காலை டிபனில்தான் பொறுமை போயிற்று.

மேலே கண்ணாடி ஹால். வெளியே ரோஜாத் தோட்டம், மேஜைக்கு மேஜை வெள்ளைத் துணி. உள்ளே நுழையப் போனோம். டூர் மானேஜர் கிரண் ஓடிவந்து கையைக் குறுக்கே நீட்டினான். சின்ன வயசு, எங்கள் பெங்களூர் மல்லேஸ்வரத்துப் பையன், எதற்கும் ஒரு சிரிப்பு. நம்ம க்ரூப்புக்குக் கீழே போட்டிருக்கிறார்களாம்.

கீழே என்றால் பேஸ்மென்ட். ஜன்னல் கிடையாது. பக்கத்து அறையில் துணி துவைக்கிற மிஷின் தடதடவென்று. சோப்பு வாசனையோடு காப்பி. ரொட்டி, ஜாம், வேகவைத்த முட்டை, ஆப்பிள். அவ்வளவுதான். சுவரில் பெரிய எழுத்தில் அட்டை, இங்கிலீஷிலும் ஹிந்தியிலும்: சாப்பாட்டு அயிட்டங்களை வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

கைக்குட்டையை விட்டுவிட்டேன் என்று பொய் சொல்லி மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சீஸ் நாலு தினுசு. கேக். பழரசம். பஸ் நிறைய வந்த ஜெர்மன்காரர்கள் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுகிறார்கள். அட்டை? ஒரு சுவரிலும் இல்லை. ஜெர்மன் மொழியில் எழுத ஆள் கிடைக்கவில்லை போலும்.

இவரிடம் சொன்னேன். "மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? முட்டை அதே முட்டைதானே, ரெஜி" என்றார். தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருஷம் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற மனுஷர். அவருக்கு உறைக்காது. எனக்கு உறைக்கிறது.

அதே நாள், சாயங்காலம்.

மழை விட்டது. கால் வீக்கம்.

பேதுரு பேராலயத்தைப் பார்க்கக் கொடுத்தது நாற்பது நிமிஷம். தோல் பை விற்கிற கடைக்கு ஒன்றரை மணி. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, சின்னதிலிருந்து படத்தில் பார்த்த கோயில். ஜெபமாலையில் பத்து மணியாவது உருட்டலாம் என்று முழங்காலில் நின்றேன். இரண்டாவது அருள்நிறை மரியே சொல்வதற்குள் கிரண் கொடியை ஆட்டுகிறான். கடைக்காரன் இவனுக்கு ஏதோ கொடுக்கிறான் என்று எங்கள் க்ரூப்பில் வந்த ஜெயநகர் ராவ் சொல்கிறார். ராவ் எல்லாவற்றையும் சொல்வார், ஆனால் முன்னால் வரமாட்டார்.

வாங்கியது: ஜெபமாலை ஆறு, காந்தம் ஒட்டிய பொம்மை இரண்டு, இவருக்கு வலி மருந்து. பை வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

பஸ்ஸில் கிரணைப் பிடித்துக்கொண்டேன். ஏன் எங்களுக்கு மட்டும் கீழே? இழுத்து இழுத்து விஷயத்தைச் சொன்னான். போன சீசனில் வேறு ஒரு கம்பெனி கூட்டிவந்த இந்தியர்கள் ரூமிலேயே குக்கரில் சோறு வடித்து ஃப்யூஸ் போகவைத்துவிட்டார்களாம். காலையில் தட்டுத் தட்டாக வழித்துப் பையில் போட்டுக்கொண்டார்களாம். அதிலிருந்து ஹோட்டல் மானேஜரம்மா வைத்த சட்டம்.

"அவங்க பண்ணதுக்கு நாங்க ஏன்பா கீழ உக்காரணும்?"

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, ஆன்ட்டி. ரெண்டே நாள்தானே."

கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில். பஸ் லேட்டானாலும் இதேதான் சொல்வான், பாத்ரூமில் தண்ணீர் வராவிட்டாலும் இதேதான். முப்பது வருஷம் வார்டு சிஸ்டராக இருந்தேன். ஒரு நோயாளி கட்டிலை உடைத்தான் என்பதற்காக அவன் ஊர்க்காரர்கள் அத்தனை பேரையும் தரையில் படுக்கவைத்தேனா? கேட்டேன். சிரித்தான்.

ஸீட் ஸீட்டாகப் போய்ச் சொன்னேன். நாளைக்கு எல்லாரும் நேராக மேலே போய் உட்காருவோம். பக்கத்து ஸீட் கோமதி உடனே சரி என்றாள். சேலத்துக்காரி, பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர், அவன்தான் அப்பா அம்மாவை அனுப்பி வைத்திருக்கிறான். அவள் தலையாட்டியதும் மற்றவர்களும் ஆட்டினார்கள். ராவ்கூட ஆட்டினார்.

மே 12, புதன்.

வெயில். நல்ல வெயில்.

போனோம். நான் முதலில், கோமதி இரண்டாவது, பின்னாலேயே மொத்தக் கும்பலும். ராவ் கடைசியில், எங்களோடு வராதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. கிரண் எங்கேயோ ஒளிந்துகொண்டான்.

மானேஜரம்மா வந்தாள். என் வயசு இருக்கும், கண்ணாடியைச் சங்கிலி கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். உங்கள் இடம் கீழே என்றாள். மரியாதையாகத்தான். நான் எழுந்து நின்று பேசினேன். டாக்டர்களிடம் பேசுகிற இங்கிலீஷ், நிறுத்தி நிதானமாக. நான் முப்பது வருஷம் வார்டு சிஸ்டர். நாங்கள் கௌரவமாகப் பிழைக்கிறவர்கள். யாரோ செய்ததற்கு எங்களைத் திருடர்கள் வரிசையில் நிறுத்தாதீர்கள். என் குழுவுக்கு நான் பொறுப்பு. ஒரு துண்டு ரொட்டி இந்த ஹாலை விட்டு வெளியே போகாது, இது என் வாக்கு.

"ஓகே, சிஸ்டர்" என்று அவள் கையைக் கொடுத்தாள். கோமதி கைதட்டினாள். இவர் முகத்தில்கூடக் கொஞ்சம் பெருமை. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பேசி முடித்து உட்காரும்போது காப்பி ஆறிவிட்டது, பஸ் ஹாரன் அடித்துவிட்டது. எழுந்து வரும்போது கண்ணில் பட்டது: ஒரு ஜெர்மன் அம்மாள், முத்து மாலை, இரண்டு பன்னை நாப்கினில் சுற்றி ஹேண்ட்பேக்கில் வைக்கிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. கையைக் கொடுத்த கையோடு கோள் மூட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கொலோசியம் வெளியிலிருந்துதான். உள்ளே போவது கட்டணத்தில் சேராதாம். சுற்றி ஒரு நடை, ஃபோட்டோ, பஸ்.

சாப்பாடு ஒரு மணிக்கு என்றான் கிரண். இரண்டரை ஆகியும் இந்தியன் ரெஸ்டாரண்ட் வரவில்லை. எனக்குத் தலை சுற்றியது, காலையிலிருந்து வெறும் வயிறு. அப்போது பின்னாலிருந்து பேப்பர் சரசரக்கிற சத்தம். திரும்பினேன்.

கோமதி மடியில் பன், சீஸ், வாழைப்பழம். அவளுக்குப் பின்னால் கேக். எதிர் வரிசையில் குட்டிக் குட்டி ஜாம் டப்பா. ராவின் காமிரா பையில் காமிரா இல்லை, ஆரஞ்சு. பஸ் முழுக்க வாய் அசைகிறது.

கோமதி ஒரு பன்னை நீட்டினாள். "உங்க புண்ணியத்துல அக்கா, மேல நல்ல நல்ல அயிட்டமா கெடச்சுது. சாப்டுங்க."

வாக்குக் கொடுத்தேனே என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரியவே இல்லை. "காசு குடுத்துதானேக்கா தங்கியிருக்கறோம்? மிச்சத்தக் குப்பைல கொட்டறதுக்கு நம்ம வயித்துல போட்டா என்ன?" அவள் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுவும் கோபம்.

இவரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் முகம். தாடை அசைகிறது, மடியில் முட்டை ஓடு.

அழுகை வந்துவிட்டது. துக்கமில்லை, ஆத்திரம். அந்தம்மா கையைப் பிடித்து நான் பேசிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்து இந்த மனுஷர் முட்டையைப் பாக்கெட்டில் போட்டிருக்கிறார். "சுகர் எறங்கி நான் மயங்கி விழுந்தா நீதான் திட்டுவ" என்கிறார். சுகர் இருப்பது நிஜம். சாப்பாட்டை நேரத்துக்குப் போடாத கிரண் மேல் தப்பு இருப்பதும் நிஜம். என் வாக்கு மட்டும் யாருக்கும் நிஜமில்லை.

மூன்றரைக்கு ராஜ்மா, ஆறிப்போன பூரி. பசித்தது எனக்கு மட்டும்தான். அள்ளிச் சாப்பிட்டேன்.

மாலை என்னென்னவோ காட்டினான். ஒரு நீரூற்று, ஒரு படிக்கட்டு. எதுவும் மனசில் நிற்கவில்லை. இவரோடு பேச்சு இல்லை.

மே 13, வியாழன்.

மேகம். இன்று ஃப்ளாரன்ஸ். பெட்டி ஆறு மணிக்கே ரூம் வாசலில்.

மேலே ஹால் வாசலில் மானேஜரம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்து, ஜன்னலோர மேஜையில் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார முடியவில்லை. சொல்லிவிட்டேன்: நேற்று எங்கள் ஆட்கள் எடுத்தார்கள். என் வீட்டுக்காரரும்.

அவள் தோளைக் குலுக்கினாள். எல்லாரும்தான் எடுக்கிறார்கள், சிஸ்டர், என்றாள். ஜெர்மன், பிரெஞ்சு, எல்லாரும்.

அப்புறம் எங்களுக்கு மட்டும் ஏன் கீழே என்று கேட்டேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டினாள். கழற்றினாள். காப்பி கொண்டுவரச் சொல்லட்டுமா என்றாள்.

வேண்டாம். அவளும் வேண்டாம், இந்தக் கும்பலும் வேண்டாம். கோமதி ஏற்கெனவே பையைத் திறந்து வைத்துக்கொண்டு கேக் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். மற்றவர்கள் வாக்கு எப்படியோ, என் வாக்கு எனக்கு இருக்கிறது. படி இறங்கிக் கீழே போனேன். இன்று அங்கே ஒன்றும் வைத்திருக்கவில்லை. துணி துவைக்கிற பெண், பங்களாதேஷ்காரி என்று நினைக்கிறேன், ஒன்றும் கேட்காமல் காப்பி மிஷினில் இருந்து ஒரு கப் பிடித்துக் கொடுத்தாள். அட்டைக்கு எதிரே உட்கார்ந்து குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். கையில் தட்டு, அதில் முட்டை. எதிரில் வைத்தார்.

"கேட்டுட்டுதான் எடுத்தாந்தேன், ரெஜி. சத்தியமா."

நம்பலாமா? மேலே ஏறிப் போய் மானேஜரம்மாவிடமே கேட்டேன். ஆமாம் என்றாள், உங்கள் கணவர் மிகவும் மரியாதையானவர் என்றாள், என் மனைவிக்கு ஒரு முட்டை வேண்டும் என்று கேட்டாராம்.

தட்டில் இருந்தது இரண்டு.