தீவில் நான்கு நாள், எல்லாம் கடைச் சாப்பாடு

பிப். 18, செவ்வாய்.

வெயில். நல்ல காற்று. பிளேனில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம். சரோஜாவுக்கு வாந்தி வரும் என்று எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுபோனது. வந்தது எனக்கு. ஊரில் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கடல். என்ன எழுதுவது? மேட்டூர் அணை நிரம்பியபோது பார்த்துவிட்டு வந்து, தண்ணீர் என்றால் அதுதான் என்று நாமக்கல் முழுக்கப் பேசித் திரிந்தவன் நான். இது பச்சை, பக்கத்திலேயே நீலம், அப்புறம் பெயர் தெரியாத ஒரு நிறம். கரை வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்றேனாம். என் பெண்டாட்டி சரோஜா சொன்னது.

இறங்கும் இடத்தில் கவிதா. பெற்ற மகளைப் பார்த்து நான்கு வருடம். கறுத்துவிட்டாள், கொஞ்சம் மெலிவு. பக்கத்தில் அந்தப் பையன், அருளாம் பெயர். சேலம் அம்மாபேட்டை, கிறிஸ்தவக் குடும்பம். இங்கே மின்சார ஆபீசில் வேலை. இவள் தீவு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களைக் கேட்காமல் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். என் பையை வாங்க வந்தான். கொடுக்கவில்லை.

கிளம்பும் முன்பே போனில் கறாராகச் சொல்லியாயிற்று. தங்குவது லாட்ஜ், சாப்பிடுவது கடை, உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன். நனைத்தால் சம்பந்தத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், ஊருக்குத் தெரிந்த விஷயம்தானே. "சரிங்கப்பா, உங்க இஷ்டம்" என்றாள். அழுவாள் என்று நினைத்திருந்தேன்.

மதியம் வங்காளி கடை. தகரக் கூரை, மண் தரை, பக்கத்திலேயே வாழை.
பருப்பு: இனிக்கிறது. எதற்கென்று தெரியவில்லை.
கத்தரிக்காய் வறுவல்: வட்ட வட்டமாக. அருமை.
மீன் குழம்பு: கடுகெண்ணெய். முதல் வாயில் இருமல், மூக்கில் நீர். நாலாவது வாயில் தலை நிமிரவில்லை.
கவிதா வங்காள மொழியில் பேசுகிறாள்! கடைக்காரர் எழுந்து நின்று "சிஸ்டர், சிஸ்டர்" என்கிறார்.

பிப். 19, புதன்.

மேகம் இல்லை. பண்ணைக்குப் போன்: தீவனம் இறங்கிவிட்டது, தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதாம். மச்சான் பார்த்துக்கொள்வான்.

காலை பூரி, உருளைக்கிழங்கு, ஆம்லெட். கோழிப்பண்ணைக்காரன் புத்தி எங்கே போகும். முட்டை எந்த ஊர் என்று கேட்கச் சொன்னேன். கவிதா கேட்டுவிட்டு, "மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல வருதாமுங்கப்பா" என்றாள். அப்படியென்றால் நம் பக்கத்து முட்டையாகவும் இருக்கலாம். எனக்கு முன்பே கடல் தாண்டி வந்து சட்டியில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு ஆம்லெட் சொன்னேன்.

சாயங்காலம் கடலோரக் கடை. ஐஸ் பெட்டியில் மீன்கள். சிவப்பு, கிளிப் பச்சை, வரிக்குதிரை மாதிரி ஒன்று. சாமி சிலைக்கு வண்ணம் அடித்ததுபோல் இருப்பதை எப்படி வெட்டித் தின்பது என்று சரோஜா. கவிதா செவுளைத் தூக்கிப் பார்த்து இரண்டைத் திருப்பிக் கொடுத்து, மூன்றாவதைச் சரியென்றாள். முழங்கை நீளம். தணலில் வைத்துச் சுட்டார்கள். ஊரில் கோழிக்கு ஊசி போடும் நாளில் இவள் ரத்தம் பார்க்கப் பயந்து மாமா வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

மீன் வெந்துகொண்டிருக்கும்போதே சூரியன் இறங்கியது. ஐந்தரை மணிக்கு! வானமும் கடலும் ஒன்றாகச் சிவந்து, கோடே இல்லாமல் போயிற்று. சரோஜா கையெடுத்துக் கும்பிட்டாள். நானும், யாரும் பார்க்காதபோது.

கடைக்காரம்மா தன் சின்னப் பெண்ணைத் தூக்கிவந்து என் மடியில் உட்கார வைத்துவிட்டு இந்தியில் நிறையப் பேசினார். கவிதா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பையன்தான் சொன்னான்: "புயல் அன்னைக்குப் பொறந்த புள்ளைங்க மாமா. படகு போகலை, டாக்டர் வர முடியலை. ராவு முழுக்க கவிதாதான் கூட இருந்துச்சு. ரெண்டு உசுரையும் காப்பாத்திக் குடுத்துச்சுன்னு சொல்றாங்க."

மாமா என்கிறான். மீனின் நல்ல பாகத்தை அந்தம்மா என் இலையில்தான் வைத்தார். எனக்கு அதை வாங்க என்ன யோக்கியதை?

பிப். 20, வியாழன்.

காலையில் கடல் பின்வாங்கிக் கிடந்தது. நேற்று அலை அடித்த இடத்தில் இன்று நடக்கலாம். கவிதா கூட்டிப்போனாள். பாறைக் குழிகளில் நட்சத்திரம் ஒன்று, நிஜமாகவே ஐந்து கை, நீல நிறம், மெல்ல நகர்கிறது. பூ என்று நான் நினைத்தது விரல் பட்டதும் மூடிக்கொண்டது. உயிராம். கல் என்று நினைத்ததும் உயிராம். மிதிக்காமல் கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தேன். ஐம்பத்தெட்டு வயதுவரை இதெல்லாம் இங்கே இருந்திருக்கிறது, நான் தீவன மூட்டைக்கு நடுவில் இருந்திருக்கிறேன்.

பாசி வழுக்கியது. விழவில்லை. கவிதா பிடித்துவிட்டாள். கரை ஏறும்வரை கையை விடவில்லை. நானும் விடவில்லை.

இளநீர். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு நடக்கும் வழியில் அவள் வீடு. இரண்டு அறை, வாசலில் முருங்கை, டின்னில் கறிவேப்பிலை. "இதுதானுங்கப்பா எங்க ஊடு" என்றாள். நின்றேன். அவள் நிற்காமல் நடந்துவிட்டாள்.

கடையில் நண்டு. உடைத்து உடைத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். ருசித்துச் சாப்பிட முடியவில்லை. மூன்று நாளாக ஒரு வேளை தவறாமல் எங்களோடு கடைக்கு வந்து, எது நல்லது என்று சொல்லி, பரிமாறி, சிரித்து... ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வீட்டுக்கு வாங்கப்பா என்று கேட்கவில்லை.

லாட்ஜுக்கு வந்து சரோஜாவிடம் கத்தினேன். அவள் புடவையை மடித்துக்கொண்டே, "ஏனுங்க, வேண்டாம்னு சொன்னது நீங்க. இப்ப கூப்புடலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறதும் நீங்க."

கூப்பிட்டால்தானே மறுக்க முடியும்? கூப்பிடாதவளை என்ன செய்வது?

கொஞ்ச நேரம் கழித்துச் சரோஜாவே சொன்னாள். "நான் கேட்டேனுங்க அவளை. 'நான் கூப்புட்டு அப்பா மாட்டேன்னுட்டா, அப்புறம் அந்த ஊட்டுல எனக்குச் சோறு எறங்காதும்மா'ங்கறா."

சரோஜா மட்டும் மகள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். என்னை விட்டுவிட்டுச் சாப்பிட மாட்டாள் என்று தெரிந்தேதான் நான் அந்தச் சபதம் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப். 21, வெள்ளி.

வெயில். கப்பல் ஒன்றரைக்கு. பெட்டி கட்டியாயிற்று. பதினோரு மணிக்கு இறங்குதுறைப் பக்கத்துக் கடையில் சாப்பாடு, அங்கிருந்து அப்படியே கப்பல் என்பது ஏற்பாடு.

ஒன்பதரைக்கு நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். கால் நேராக அங்கேதான் போனது. முருங்கை மரத்தடியில் அருள் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். கவிதா வந்தாள். ஈரத் தலை, துண்டு.

"என்னங்கப்பா? அம்மாளுக்கு மேலுக்குச் சரியில்லையா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "சோறு இருக்குதா சாமி?" என்றேன்.

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "நேத்து இவருக்கு ஆக்குனதுல மீந்த பழையதுதாங்கப்பா இருக்குது. வெளியவே சாப்புடறோம்னு ஒன்னுமே வாங்கி வெக்கலை. செத்த இருங்க, அரை மணி நேரத்துல ஆக்கிப்புடறேன்."

"அதையே போடு."

அருள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கழுவினேன். திரும்பிப் பார்த்தால் வாசலில் சரோஜா. என் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவளும் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பழைய சோறு, தயிர், வெங்காயம் நான்கு. கவிதா பிசைந்து போட்டாள். நான் ஒரு வாய் எடுத்து வைக்கும்வரை மூச்சு விடவில்லை அவள்.

"உப்புப் போதுமாங்கப்பா?"

உப்பே போடவில்லை.

"போதும் சாமி" என்றேன். "இன்னொரு கை போடு."