கிளாரிசாவுக்குப் பூ வைத்த அன்று

பாச்சாங், மலாக்கா

அன்பு மகன் டாரியஸுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, சாயங்காலம் ஆனால் மழை, துணி காய்வதில்லை. போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எது பேசினாலும் பக்கத்து அறையில் உன் தங்கச்சி கிளாரிசா காதில் விழும். பூ வைத்த படம் எங்கே என்று வாட்சாப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். படம் இல்லை ஐயா.

கிளாரிசாவுக்கு முடி கொட்டுவது உனக்குத் தெரியும், இப்போது காதோரம் மட்டும்தான் மிச்சம். ஒட்டுவியாதியும் இல்லை, புற்றுநோயும் இல்லை, உடம்பே தன் முடியைப் பகைத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார். மாப்பிள்ளை ஃபிரெடிக்கும் அவர் அம்மாவுக்கும் எல்லாம் சொல்லித்தான் சம்பந்தம் பேசினோம். விக் வைத்து அதில் முன்னமே ஒரு கிளிப் மாட்டிவிடுவது, ஃபிரெடியின் அம்மா பூவை அதில் லேசாகச் சொருகினால் போதும் என்று ஏற்பாடு. அலோர் காஜாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் நிறைய வந்தார்கள். ஃபிரெடியின் பெரியம்மா ஃபிலோமினாவிடம் மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. மூத்த சுமங்கலி நான்தானே என்று அந்தம்மா பூவைக் கையில் வாங்கிக்கொண்டது. வைத்த பூ விழுந்தால் அபசகுனமாம், நல்லா இறுக்கிக் குத்தணும் லா என்று கொண்டை ஊசியை அழுத்திவிட்டுச் சரத்தை இழுத்துப் பார்த்தது. பூ விழவில்லை. பூவோடு விக்கும் கையில் வந்துவிட்டது. ஐயோ, கேன்சர் பிள்ளையையா எங்க தலையில கட்டப் பார்த்தீங்க என்றது. இது ஒட்டாதுங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அடுப்படிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவியது, அதைப் பார்த்து இன்னொரு பெண்ணும் போய்க் கழுவினாள். கிளாரிசா நாற்காலியிலேயே உட்கார்ந்து அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆக்கிய நெய்ச்சோறு அப்படியே கிடந்தது. கலந்து பேசிச் சொல்கிறோம் என்று போனார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். ஃபிரெடி மட்டும் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார், இவள் அறைக் கதவைத் திறப்பதில்லை. கோயிலுக்கும் வருவதில்லை.

இன்று காலை அப்பாவின் ஷேவரை எடுத்துக்கொண்டு வந்து, மிச்சத்தையும் எடுத்துடுங்கம்மா என்று என் முன்னால் உட்கார்ந்தாள். எடுத்தேன். கைக்குழந்தையில் வேளாங்கண்ணிக்கு நேர்ந்து மொட்டை போட்டுச் சந்தனம் பூசினோம், அன்றைக்கு அந்தத் தலையை முத்தமிடாத ஆள் இல்லை. அதே தலைதான். துடைத்துவிட்டு உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தேன். போய்க் கை கழுவிக்குங்கம்மா என்றாள். நான் கழுவவில்லை, அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

இனிமேல் படம் கேட்காதே. வீடியோவும் வேண்டாம், அவளைச் சும்மா போனில் கூப்பிட்டு நீ சோறு கருக்கிய கதையைச் சொல், அவள் சிரித்தால் எனக்குக் கேட்கும். ஞாயிறு பூசைக்குப் போகாமல் தூங்காதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பிரிஜிட் அம்புரோஸ்