உங்கள் கையில் கிடந்த என் வளையல்

அன்புள்ள அயித்தைக்கு,

கடிதம் என்றால் அன்பில் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்காகத்தான் போட்டேன். நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. மாமியார் சாவுக்கு மூத்த மருமகள் அழவில்லை என்று ஊரில் பேச்சாம். பேசட்டும். நான் உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். குளிப்பாட்டும் முன் உங்கள் மகள் உமையாள் சோப்புப் போட்டு ஒரு வளையலை உருவினாளே, அதைத்தான் பார்த்தேன்.

அது என் அப்பா எனக்குப் போட்டு அனுப்பிய ஜோடியில் ஒன்று. மற்றது இதை எழுதுகிற கையில் கிடக்கிறது. இருபத்தேழு வருஷமாக ஒன்று உங்களிடம், ஒன்று என்னிடம். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். இருக்கும்போது திட்ட விட்டீர்களா?

கல்யாணம் முடிந்த ஆறாம் மாதம் எங்களை வேறு வைத்தீர்கள். திருமயத்துப் பக்கம் நம்மவர்களுக்கு அது வழக்கம். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகன் புதுக்கோட்டையில் வேலை பார்த்து வாங்கிய சம்பளம் முழுவதும் உங்கள் கைக்குத்தான் வந்தது. அதிலிருந்து ஒரு வருஷத்துக்கு என்று அரிசி, பருப்பு, புளி, மிளகாய், இரண்டு டின் எண்ணெய், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் எடுத்து வைத்தீர்கள். "இருக்கறதுக்குள்ள இருந்துக்க" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

எனக்கு என்ன தெரியும்? எங்கள் வீட்டில் காசுப் பேச்சு வந்தால் அப்பா என்னை வெளியே போகச் சொல்லிவிடுவார். பி.ஏ. படித்தவள்தான். ஒரு கிலோ துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்டால் முழிப்பேன். அது என் தப்பு, என் அப்பாவின் தப்பு. அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

உங்கள் தப்பு வேறு. உங்களைப் பார்க்க வந்த விருந்தாளிகளை எல்லாம் என் அடுப்புக்கு அனுப்பினீர்களே, அது. "அங்கிட்டுப் போங்க, எங்க மூத்தவ வெள்ளைப் பணியாரம் சுட்டா நாளெல்லாம் திங்கலாம்" என்பீர்கள். மாமியார் வாயால் புகழ்ச்சி! எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். சுட்டேன், சுட்டேன், சட்டி காயாமல் சுட்டேன். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். ஏழாம் மாதம் இரண்டு டின்னும் காலி.

டம்ளரை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்து நின்றேன். நினைவிருக்கிறதா? நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறு மாதம் அதே டம்ளரை நீட்டி எண்ணெயைத் திருப்பிக் கேட்டீர்கள். வேலைக்காரி முன்னால் கேட்டீர்கள். அதற்குப் பிறகு நான் உங்களிடம் ஒரு கல் உப்புகூடக் கேட்டதில்லை.

புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒரு அடகுக்கடையில் அந்த வளையலை மூவாயிரத்துக்கு வைத்தேன். வருஷத்தை ஓட்டிவிட்டேன். அடகுச் சீட்டைப் புளி ஜாடிக்குள் போட்டு மூடினேன், அதில்தான் புளி இல்லையே. வருஷக் கடைசியில் என்ன மிச்சம் என்று பார்க்க வந்தவர் நேராக அந்த ஜாடியைத் திறந்தீர்கள். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனீர்கள். அடுத்த வாரம் வளையல் உங்கள் கையில் கிடந்தது.

"அயித்தை, அது என்னோடது" என்றேன்.

"அடகு வச்சது நீ. மீட்டது நான். வேணும்னா எங்கிட்ட மீட்டுக்க."

"மூவாயிரம் தந்துர்றேன்."

"மூவாயிரத்துக்கு எந்தக் கடையில தங்கம் குடுக்குறாக? அன்னன்னிக்கு என்ன வெலையோ அதக் குடு."

உங்கள் மகன் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இன்றுவரை இறக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று தொடங்கிய ஓட்டம். பாலில் அரை லிட்டர் குறைத்தேன். கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று சுவரில் தேதி எழுதினேன். புதுக்கோட்டைச் சந்தையில் வெயில் சாயும் நேரம் போனால் தக்காளி பாதி விலை என்று தெரிந்துகொண்டேன். சேர்த்த பணத்தோடு வளையலை நெருங்கும்போதெல்லாம் ஏதாவது வந்து நிற்கும். ஒருமுறை பையன் ஸ்கூல் ஃபீஸ், ஒருமுறை உங்கள் மகனுக்குச் சிறுநீரகக் கல். திரும்பிப் பார்த்தால் தங்கம் இன்னும் தூரம் போயிருக்கும். ஊரில் எனக்கு ஒத்தை வளையல் என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

சிக்கனம் எனக்கு உங்களால்தான் வந்தது என்று உங்கள் மகன் இப்போது சொல்கிறார். உங்கள் மேலிருந்த ஆத்திரத்தால் வந்தது. இரண்டும் ஒன்றில்லை.

ஒன்றே ஒன்று எனக்குப் புரியவில்லை. மாமா இறந்த அன்று நகையெல்லாம் கழற்றினீர்கள். அந்த வளையலையும் கழற்றச் சொன்னார்கள். "இது என்னுது இல்ல" என்று கையை மூடிக்கொண்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்களுடையது இல்லையென்றால் யாருடையது அயித்தை? தெரிந்துதானே போட்டிருந்தீர்கள்? அந்த நிமிஷமே உருவி என் கையில் போட்டிருந்தால் உங்கள் கை தேய்ந்தா போயிருக்கும்? அப்படிச் செய்திருந்தால் உங்கள் சாவுக்கு நான் அழுதிருப்பேன்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். பதினாறாம் நாள் முடிந்ததும் உமையாளிடம் கேட்டேன். "ஆத்தா கையில கெடந்தது மகளுக்குத்தான அண்ணி. ஒங்களுக்குன்னா இன்னைக்கு வெலைக்குத் தாரேன்" என்றாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. நானும் சரி என்றேன். மாசாமாசம் நான் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. ஒன்றரைப் பவுனின் அன்றைய விலைக்கு அது அச்சாகச் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுவருவதாகச் சொன்னேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக நான் தங்கத்தைப் பிடித்துவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் என் மருமகள் வள்ளி வந்து நின்றாள். அவளையும் என் பையனையும் தை மாதம் வேறு வைத்தேன். ஆமாம், உங்களைத் திட்டிக்கொண்டே வைத்தேன். பையன் சம்பளம் அவன் கையில்தான். விருந்தாளி யாரையும் அவர்கள் அடுப்புக்கு நான் அனுப்பவில்லை, அது சத்தியம். ஆனால் பைக், ஃபிரிட்ஜ், போன் எல்லாம் தவணையில் வாங்கியிருக்கிறான். மூன்று மாதம் தவணை கட்ட இந்தப் பெண் தன் சங்கிலியை அடகு வைத்திருக்கிறாள். வட்டி ஏறிவிட்டது. திங்கட்கிழமைக்குள் மீட்காவிட்டால் ஏலம் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். சீட்டைப் போனில் படமாக வைத்திருந்தாள். எனக்கு அந்தப் புத்தி அன்று இருந்திருந்தால்!

"ஒங்களுக்குத் தெரியாமலே மீட்டுரலாம்னு இருந்தேன் அயித்தை. முடியல" என்றாள்.

இருக்கறதுக்குள்ள இருந்துக்க. என் பல்லுக்குள் வந்து நின்றது உங்கள் வார்த்தை. விழுங்கினேன்.

மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம். அதே கீழராஜ வீதி. சீட்டுப் பணத்தில் முக்கால்வாசி போய்விட்டது. கடைக்காரர் சங்கிலியை எடை போட்டுவிட்டு, யார் கையில் கொடுப்பது என்று எங்களைப் பார்த்தார். நீண்டது என் கை. பொய் சொல்ல மாட்டேன், சங்கிலி உள்ளே விழுந்ததும் ஐந்து விரலும் தானாக மூடிக்கொண்டன. மீட்டது நான்தானே என்று தோன்றியது. வள்ளி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உங்களை அவ்வளவு பக்கத்தில் நான் என்றைக்கும் பார்த்ததில்லை.

அங்கேயே அவள் கழுத்தில் போட்டுவிட்டேன்.

பஸ்ஸில் மெல்லக் கேட்டாள், எவ்வளவு தர வேண்டும் என்று.

"கடையில கட்டுன காசு மட்டும். மாசாமாசம் குடு. தங்கம் எங்க ஏறுனாலும் ஒனக்கும் எனக்கும் அந்தக் காசுதான்" என்றேன். சும்மா கொடுத்துவிட நான் தியாகி இல்லை. பையனைத் தனியாகக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன், அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை உமையாளுக்குப் போன் செய்து, இப்போது இல்லை என்றேன். "வெல ஏறிரும் அண்ணி" என்றாள். ஏறட்டும்.

ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வளையலை நான் வாங்காமல் விட மாட்டேன். உங்களை மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் நான் போகிற அன்று யாராவது சோப்புப் போட்டு என் கையிலிருந்து உருவினால், அது ஒன்றோ இரண்டோ, என்னுடையதாக மட்டும் இருக்கும்.

இப்படிக்கு,
இன்னும் ஒத்தை வளையலோடு,
உங்கள் மூத்த மருமகள்
சிவகாமி