பெரிய வெள்ளிக் கஞ்சியும் உங்கள் கறுத்த கையும்

அத்தை, இந்த வருடம் பெரிய வெள்ளியன்று கோயிலில் கஞ்சி ஊற்றப் போயிருந்தேன். சிலுவைப்பாதை முடிந்து சனம் வரிசையில் நிற்க ஆரம்பித்ததும், இளைஞர் குழுவில் ஒரு பெண் ஓடி வந்து ஒரு ஜோடி பிளாஸ்டிக் கையுறையை என்னிடம் திணித்தாள். "ஆன்ட்டி, இத மாட்டிக்குங்க. வீடியோ எடுக்கறாங்க, நீட்டா தெரியணும்."

மாட்டினேன். இரண்டு பேருக்குத்தான் ஊற்றியிருப்பேன். உள்ளே கை வேர்த்து, பிளாஸ்டிக் நாற்றமும் கஞ்சி ஆவியும் ஒன்றாக மூக்கில் ஏறியது. ஐயோ, அப்படியே குடலைப் புரட்டியது! அகப்பையை வைத்துவிட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். பட்டினி மயக்கம் என்று யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்கள் ஞாபகம்.

மாமியாருக்கு மருமகள் மடல் எழுதுவதா என்று சிரிப்பீர்கள். உங்களுக்குப் படிக்கவும் தெரியாது. நானும் எட்டாவதோடு நின்றவள்தான். மிச்சத் தமிழை சினிமாப் பாட்டுப் புத்தகத்திலும் வாரப் பத்திரிகையிலும் நானாகவே பொறுக்கிக்கொண்டேன். இப்போது போனில் கட்டைவிரலால் தட்டவும் நானாகவே பழகிவிட்டேன். நாள் முழுக்க அதிலேயே கிடக்கிறேன் என்று உங்கள் மகன் திட்டுகிறார். திட்டட்டும். இதை எழுதாமல் அந்தக் குமட்டல் அடங்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அரியலூரில் தையல் கடைக்காரர் மகள், பத்தொன்பது வயது. ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு வாசனை சோப்பு, துணிக்கு நடுவில் ஒளித்து வைத்த பாட்டுப் புத்தகங்கள். இதுதான் நான் கொண்டு வந்த சீர். புதுப்படம் வந்தால் கொட்டகை வாசலில் முதல் ஆளாக நின்றவளை, ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடிக்கவே இரண்டு மைல் நடக்க வேண்டிய முந்திரிக்காட்டில் கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள்.

அந்தக் காட்டை நீங்களும் மாமாவும் எப்படி உண்டாக்கினீர்கள் என்று ஊரே சொல்லும். ஊரார் நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டே, கிடைத்த மேட்டு நிலத்தில் சூரைமுள் வெட்டி, செம்மண்ணைத் தோண்டிக் கிணறு இறக்கி, முந்திரியும் கடலையும் போட்டு, மண்சுவர் வைத்து, நிலைக்கு மேல் வேப்பங்கட்டையில் ஒரு சிலுவை அடித்து. கிணற்றில் தண்ணீர் கண்ட வருடமே மாமா போய்விட்டார். எனக்கு அதெல்லாம் பெருமையாகவே படவில்லை, அத்தை. நாற்றம்தான் பட்டது. மழை வந்தால் ஆடுகள் நம்மோடு வீட்டுக்குள் படுக்கும். கட்டிலில் கோழி எச்சம் காய்ந்திருக்கும். சித்திரை நெருங்க நெருங்க, கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு எறிந்த முந்திரிப்பழம் மரத்தடியெல்லாம் குவிந்து அழுகும். புளித்த அந்த வாடையும் மொய்க்கிற ஈயும்! மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் கை.

கொட்டையைச் சுடும்போது எண்ணெய் கக்கித் தீப்பிடிக்கும். கரும்புகை கண்ணை அறுக்கும். ஆறியதும் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு கல்லில் வைத்துத் தட்டித் தட்டிப் பருப்பு எடுப்பீர்கள். சாம்பல் எவ்வளவு பூசினாலும் அந்த எண்ணெய் தோலைத் தின்றுவிடும். நகம் கறுத்து, விரல் வெடித்து, உள்ளங்கையில் தோல் செதில் செதிலாக உரிந்து தொங்கும். செபமாலையும் அந்தக் கையில்தான். மணி உருட்ட நேரமில்லை என்று கொட்டையால் செபம் சொல்வீர்கள். கொட்டை ஒன்றுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே, பத்து முடிந்ததும் பெரிய கொட்டையாகப் பார்த்து எடுத்து ஒரு பரலோக மந்திரம். டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டு நானும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பிறகு அதே கையால் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து என் தட்டில் வைப்பீர்கள்.

"என்ன புள்ள, சோறு எறங்கலையா?"

"வயிறு சரியில்லைங்க அத்தே."

"அரியலூரு வயிறு. பழகும்."

பழகவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனதும் சோற்றை ஆட்டுக்குப் போட்டுவிட்டு, கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட்டைத் தின்றேன்.

அந்தத் தவக்காலத்தில் உங்களுக்கு ஒரு ஆசை வந்தது. பெரிய வெள்ளிக் கஞ்சிக்கு எல்லா வீடும் அரிசி கொடுக்கலாம். ஆனால் அண்டா பக்கத்தில் நின்று அகப்பை பிடிப்பது நிலபுலன் உள்ள ஐந்தாறு வீட்டுப் பெண்கள் மட்டும்தான். மற்றவர்கள் கஞ்சி வாங்க ஏனத்தோடு வரிசையில் நிற்பார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் அந்த வரிசையில் நின்றவர். அந்த வருடம் கடலை நன்றாகக் கண்டது. ஒரு மூட்டை அரிசியைக் கோயிலில் இறக்கி, "இந்த வருசம் நானும் ஊத்துறேங்க" என்று உபதேசியாரிடம் கேட்டுவிட்டீர்கள். அவரும் சரி என்றார்.

ஆட்டுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அகப்பையால் மொண்டு மொண்டு சிந்தாமல் ஊற்றிப் பழகினீர்கள். நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். கையை வெளுக்க வைக்கப் புளி தேய்த்தீர்கள், செங்கல் தூள் தேய்த்தீர்கள், சீமெண்ணெய் தேய்த்தீர்கள். வெடிப்பில் பட்டு எரியும்போது "யேசுவே" என்று பல்லைக் கடித்தீர்கள். கறுப்பு போகவே இல்லை.

அப்போது எனக்கு அந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் கண்ணில் பட்டார். பெரிய வீட்டம்மா. திருச்சியில் வாங்கிய நைலக்ஸ் சேலை, பவுடர் வாசனை, கோயிலில் முன்வரிசை. சினிமா நடிகையைப் பார்க்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று பூசை முடிந்ததும் அவர் பின்னாலேயே அலைவேன். குருத்து ஞாயிறன்று அவராகவே திரும்பிக் கேட்டார்.

"என்ன பொண்ணு, மாமியா வூட்டுச் சாப்பாடு ஒத்துக்குதா?"

"எங்கங்க சாப்புடறது! அந்தக் கையப் பாத்தாலே வாந்தி வருதுங்க. நெருப்புல வெந்த கொரங்குக் கை மாதிரி. அதுலயே செபம் வேற."

அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நல்லா பேசுறியேடி!" என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தோளை அன்று முழுக்க நான் கழுவவில்லை. அவ்வளவு கிறுக்கு. குருத்தோலையை ஆட்டிக்கொண்டே உங்களோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். "ஏன் புள்ள இன்னிக்கி இம்புட்டு சந்தோசம்?" என்று கேட்டீர்கள்.

பெரிய வெள்ளி. வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு அண்டா பக்கத்தில் போய் நின்றீர்கள். முதல் நான்கைந்து பேருக்குச் சிந்தாமல் ஊற்றினீர்கள். முகத்தில் சிரிப்பு இல்லை. துக்க நாளில் சிரிக்கக்கூடாது என்று உதட்டை மடித்து அடக்கிக்கொண்டிருந்தீர்கள். பெரிய வீட்டம்மா பக்கத்தில் வந்தார்.

"அகப்பைய வையி."

"ஏங்கம்மா? இன்னும் சனம் நிக்குதுங்களே."

"அந்தக் கையால ஊத்துனா எவ குடிப்பா? நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஒம் மருமவளே வாந்தி வருதுன்னு சொல்லுது. கொரங்குக் கையாம்."

வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நான் சும்மா... வெளையாட்டுக்கு..." என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம், பொய்யாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் அகப்பையை அண்டாவுக்குள் விழுந்துவிடாதபடி விளிம்பில் பார்த்து வைத்தீர்கள். வரிசையில் போய் நிற்கவும் உங்களிடம் ஏனம் இல்லை. ஊற்ற வந்தவர் எதற்கு ஏனம் கொண்டு வருவார்? வெறும் வயிற்றோடு, அந்த வெயிலில், காட்டுப் பாதையில் நடந்து போனீர்கள்.

நான் பின்னால் ஓடி வரவில்லை. பெரிய வீட்டம்மா தன் கையால் ஊற்றிய கஞ்சியை வாங்கிக் குடித்தேன். அது எனக்கு ருசித்தது, அத்தை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. துவையலைத் தொட்டுக்கொண்டு இன்னொரு முறையும் வாங்கினேன். இப்போது நினைத்தாலும் தொண்டையில் அதே கஞ்சி எதுக்களிக்கிறது.

யேசு உயிர்த்த பாஸ்கு ஞாயிறன்று பெரிய வீட்டில் பாயசம் மணந்தது. அதில் மிதந்த பருப்பு நம் காட்டுப் பருப்பு, நீங்கள் உடைத்தது. அதற்கு ஒருத்திக்கும் குமட்டவில்லை. பூசையில் எல்லோரும் நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், வாங்க எழுந்தபோது நீங்கள் கடைசியில் முழங்காலிலேயே இருந்தீர்கள். நான் போய் நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை, ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில், ஒன்றும் நடக்காத மாதிரி கேட்டேன்.

"ஏங்க அத்தே நன்மை வாங்கல?"

"மனசுல கோவம் கெடக்கு. அத வச்சுகிட்டு வாங்கக்கூடாது."

திங்கட்கிழமை காலையில் கொட்டைக் குவியல் முன்னால் பலகையைப் போட்டீர்கள். "வா. ஒக்காரு. ஒட." சாம்பல் சட்டியைத் தேடினேன். அது உங்கள் முழங்காலுக்கடியில் இருந்தது.

"சாம்பல் குடுங்க அத்தே."

"எதுக்கு? ஒன் கை என்ன கொரங்குக் கையா?"

உங்கள் மகன் வாயைத் திறக்கப் போனார். "நீ போயி ஆட்டப் பாருடா" என்றீர்கள். போய்விட்டார். உங்களைப் புனிதை என்று இன்று வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் படம் போடுகிறார்களே, அவர்கள் யாரும் அந்தத் திங்கட்கிழமை உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று நாள் உடைத்தேன். விரலெல்லாம் கொப்புளித்து, உடைந்து, கறுத்து, தோல் சுருண்டது. நான்காம் நாள் சோற்றில் கை வைத்து வாய்க்குக் கொண்டு போனேன். என் கையைப் பார்த்து எனக்கே ஓங்கரித்தது. தட்டைத் தள்ளிவிட்டு அழுதேன்.

தட்டை உங்கள் பக்கம் இழுத்தீர்கள். கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினீர்கள்.

"தொற."

"வேணாங்க அத்தே."

"வாந்தி வந்தா எடு. எடுத்துட்டுத் திரும்பவும் தொற."

திறந்தேன். அமிர்தம் மாதிரி இருந்தது என்று எழுதினால் குழுவில் இதயம் இதயமாக விழும். பொய். கரியும் சீமெண்ணெயும் கருவாடும் சேர்ந்து நாறியது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். கடைசி உருண்டையை வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "சாமியாரு நாக்குலதான்டி அப்பத்த வைக்கிறாரு. கையில இல்ல." அவ்வளவுதான். அன்று சாயங்காலம் சாம்பல் சட்டி என் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நீங்கள் எடுக்கவே இல்லை.

பெரிய வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போன பிறகு உங்களைக் கஞ்சி ஊற்றக் கூப்பிட்டார்கள். "எனக்கு அங்க என்னா வேல" என்று ஏனத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றீர்கள். சாகும் வரைக்கும் அந்த வரிசைதான்.

நீங்கள் இறந்த அன்று பெட்டியோடு சேர்த்து வெள்ளைக் கையுறையும் கொடுத்தார்கள். "கை தெரியாம போட்டு வுடும்மா, வெளியூர்லேர்ந்து சனம் வருது" என்றார் ஒரு உறவுக்காரர். போட்டுவிட்டேன், அத்தை. விரல் விறைத்திருந்தது, ஒவ்வொன்றாக நுழைத்து, மணிக்கட்டில் பொத்தான் போட்டு, மேலே செபமாலையைச் சுற்றினேன். நீட்டாகத் தெரிந்தது. உங்கள் கையை நான் இரண்டாம் தடவையும் வெளியே தெரியக்கூடாததாக ஆக்கினேன்.

இந்த வருடம் வேப்பமரத்துக்குப் பின்னால் அந்தப் பிளாஸ்டிக்கை உரித்து எறிந்தேன். திரும்பிப் போய் அகப்பையை எடுத்தேன். "ஆன்ட்டி, கையுறை?" என்றாள் அந்தப் பெண். "என் கை சுத்தமாத்தான் இருக்கு பாப்பா" என்றேன். சுத்தம்தான். கொட்டை உடைத்த அந்த வருடம் ஏறிய கறுப்பு, முந்திரிப் பருவம் முடிந்த இரண்டு மாதத்தில் போய்விட்டது. சாயங்காலம் வந்த வீடியோவில் நான் ஊற்றியது இல்லை, வெட்டிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் நன்மையைக் கையில் கொடுக்கிறார்கள். எல்லோரும் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு போகிறார்கள். நானும் போகிறேன். சாமியார் முன்னால் நின்றதும் என் கை மேலே வருவதில்லை. ஞாயிறு தவறாமல் உங்கள் சத்தம்தான் கேட்கிறது.

"தொற."