மீன் தின்னாத ராஜா

நாள் 1. காலை 6.10
கண்டெடுப்பவர் கவனத்துக்கு. நான் லசார் பர்னாந்து, தூத்துக்குடி, காலக்கூண்டு மெக்கானிக். எட்டாவது பாஸ். காலத்தில் மூவாயிரம் வருடம் பின்னோக்கி வெள்ளோட்டம்; எகிப்து, கெமுனு நகரம். கூண்டை அரண்மனைக் குதிரை லாயத்தில் மறைத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் நண்பகல் அது தானே திரும்பும். கைப்பிடியை இழுத்தால் திரும்பாமல் நிற்கும். காதுக் கருவி மொழிபெயர்க்கிறது. எல்லாம் சீர்.

நாள் 3. பகல் 1.40
ஒரே நாட்டுக்கு நாலு ராஜா. நாலு நெற்றியிலும் ராஜ சின்னமாகத் தங்கப் பாம்பு. இந்த ஊர் ராஜா லிபியா வம்சம். ஆற்றங்கரையில் ஐந்நூறு வீரர்களுக்கு (சரி, ஐம்பது) மீன் பொரித்துப் போட்டேன். விரலை நக்கினார்கள்.

நாள் 8. காலை 9.05
தெற்கேயிருந்து வந்து ஊரை வளைத்த குஷ் நாட்டு அரசனிடம் இன்று ஊர் பணிந்தது. நாலு ராஜாக்களும் அரண்மனை வாசலில் வயிறு மண்ணில் படக் கிடக்கிறார்கள். குஷ் அரசன் ஆசாரக்காரன்: மீன் தின்றவன் அரண்மனைப் படியேறக் கூடாது. நான் தொட்டதே இல்லை என்று சாதித்தேன். வாசல் காவலன் ஹோரி சிரித்தான்:
"யோவ், முப்பது மீன் தின்னேன்னு ஊர் பூரா நீதானய்யா பீத்திக்கிட்ட!"
தின்றது மூன்று. கூண்டு உள்ளே, நான் வெளியே.

நாள் 9. காலை 10.30
காதுக் கருவியில், கட்டுப்பாட்டு அறையிலிருந்து அக்கா மகள் பிலோமி: "மாமா, ஒன்றரை மணி நேரந்தான் இருக்கு. எங்க இருக்கீய? கூண்டுக்குள்ள ஏறுங்க மாமா!"
மதில் ஏறினேன். பத்துப் பேரை வீழ்த்தினேன். இல்லை, விழுந்தது நான். தோளில் ஈட்டிக் காயம்.

காலை 11.20
நாலு பேரில் இந்த ஊர் ராஜா மட்டும் மீன் தின்னாதவன். அவனை உள்ளே விடுகிறார்கள். காலைப் பிடித்தேன், லாயத்தில் இருக்கும் கைப்பிடியை இழுத்துவிடு என்றேன். முறைத்தான். சும்மா செய்வானா? கொஞ்சம் ஏற்றிச் சொன்னேன். அது தேவரதம், குஷ்காரனே இல்லாத நாட்டுக்குப் போகும், அங்கே ராஜா வந்து இறங்கினால் ஊரே மாலை போடும், பிறகு உன்னையும் ஏற்றிப்போகிறேன். கண் மின்ன, படியேறினான்.

நண்பகல் 12.00
லாயத்தின் மேல் நீல ஒளி. குதிரைகள் கதறுகின்றன. இழுக்கவில்லை. அவன் இழுக்கவே இல்லை.

12.04
"மாமா, கூண்டு வந்துருச்சு. உள்ள யாரு மாமா இது? நெத்தியில பாம்பு. எல்லாரையும் விழுந்து கும்பிடச் சொல்லுதான். கம்பிச்சுருள் வேற உருகிக் கெடக்கு. உங்கள விட்டா யாருக்குச் சரிபண்ணத் தெரியும்? மாமா? மா..."

12.31
காவலர்கள் ராஜாக்களை எண்ணுகிறார்கள். மூன்று. மறுபடியும் எண்ணுகிறார்கள். ஹோரி என் பக்கம் கை நீட்டுகிறான்; காணாமல்போன ராஜாவோடு கடைசியாகப் பேசியது நான்தானாம். ராஜா எங்கே என்று கேட்கிறார்கள். முதல் முறையாக நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒருவனும் நம்பவில்